யார்க்டவுனிலிருந்து ஏற்காடு வரை: அமெரிக்க விடுதலைப் போரும் சேர்வராயன் மலையின் கைமாற்றமும்

1. ஆய்வுச் சிக்கல்

சேர்வராயன் மலை ஆங்கிலேயர் வசமான நிகழ்வை வட்டார வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மைசூர் மன்னர் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார், மலையும் கூடவே போயிற்று என்பதே அந்த வரி. அதன்பின் சேலம் கலெக்டர் காக்பர்ன், காப்பித் தோட்டம், கோடை வாசத்தலம் எனக் கதை நகர்ந்துவிடுகிறது. கம்பெனி ஏன் பாராமகாலைக் கேட்டு வாங்கியது, அதைக் கேட்கும் நிலைக்கு எப்படி வந்தது, வாங்கியபின் அதை ஆள வந்தவர்கள் எந்த அனுபவத்தோடு வந்தார்கள் என்ற கேள்விகள் எழுப்பப்படுவதே அரிது.

இக்கேள்விகளைப் பின்தொடர்ந்தால் விடை சேலத்தில் நிற்பதில்லை. மைசூர் வழியாக மாஹிக்கும், அங்கிருந்து பாரிசுக்கும், இறுதியில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் அது நம்மை இட்டுச் செல்கிறது. 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போர் மூன்று வழிகளில் சேர்வராயன் மலையின் தலைவிதியைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவது, தென்னிந்தியாவில் ஒரு பெரும்போர் மூளும் காலத்தை அது நிர்ணயித்தது. இரண்டாவது, பாராமகால் கணவாய்களைக் குறித்து ஆங்கிலேயர் மனத்தில் அழியாத அச்சத்தை விதைத்தது. மூன்றாவது, இந்நிலப்பகுதியை வென்றவரையும் அளந்தவரையும் இந்தியாவுக்கு அனுப்பி வைத்தது.

2. போரின் காரணங்கள்: ஒரே கம்பெனி, இரு கண்டங்கள்

அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. பிரான்சுடன் நடத்திய ஏழாண்டுப் போர் பிரிட்டனைக் கடனில் ஆழ்த்தியது. அக்கடனை அடைக்க, பிரதிநிதித்துவம் இல்லாத குடியேற்றங்கள் மீது வரிகள் விதிக்கப்பட்டன. அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறலாகாது என்ற 1763ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு நிலம் தேடியவர்களுக்குச் சினமூட்டியது. இவற்றோடு தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு காரணம், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நெருக்கடி.

1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்குப் பின், 1772இல் கம்பெனி கடனைத் திருப்பிச் செலுத்த வழியின்றி நின்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773இல் இரு சட்டங்களால் அதற்குக் கைகொடுத்தது. ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவில் கம்பெனியின் ஆட்சியை நாடாளுமன்றத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. தேயிலைச் சட்டம் கம்பெனியின் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க வழிசெய்தது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது அந்தத் தேயிலையே. ஆகவே அமெரிக்காவின் கிளர்ச்சியும் தென்னிந்தியாவின் போர்களும் தொடக்கத்திலேயே ஒரே நிறுவனத்தின் வரலாற்றில் பின்னிக் கிடந்தன.

1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதும் சரணடைந்தது. அதனால் துணிவு பெற்ற பிரான்சு, 1778 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கருடன் கூட்டணி உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தக் கையெழுத்தின் விளைவு தமிழகத்தை எட்ட ஓராண்டுகூட ஆகவில்லை. சென்னையிலிருந்து சென்ற படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. 1778 அக்டோபரில் அந்நகர் வீழ்ந்தது. 1779 மார்ச்சில் மலபார் கரையிலிருந்த மாஹியும் பறிபோயிற்று.

மாஹி சிறிய ஊர்தான். ஆனால் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. தன் பாதுகாப்பில் உள்ள இடம் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் கம்பெனி அதைப் பொருட்படுத்தவில்லை. தஞ்சையிலிருந்த சமயப் பணியாளர் ஸ்வார்ட்ஸை 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது அனுப்பி, சென்னை ஆளுநர் ரம்போல்டு சமாதானம் பேசிப் பார்த்தார். ஹைதரின் மனம் மாறவில்லை.

3. 1780: கணவாய் திறந்த நாள்

1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியே, அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் கீழிருந்த 3000க்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட படை நிர்மூலமானது. சில கல் தொலைவில் காஞ்சியில் இருந்த சர் ஹெக்டர் மன்றோ, தன் கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட தோல்விகளில் மிகக் கொடியது இதுவே.

இந்தப் படையிறக்கத்தின் நிலவியல்தான் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பாராமகால் என்பது மைசூர் மேட்டுநிலத்திற்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடைப்பட்ட படிநிலம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் ஆகியவை அதில் அடங்கும். அதன் தெற்கு எல்லையில் சேலத்தை மறைத்து நிற்பது சேர்வராயன் மலை. மேற்கே தொப்பூர் கணவாய், கிழக்கே மஞ்சவாடி கணவாய் என்ற இரு கதவுகளுக்கு நடுவே நிலைத்தூணைப் போல் அது நிற்கிறது. பாராமகாலிலிருந்து சேலத்திற்கு இறங்கும் படை இவ்விரண்டில் ஒன்றைக் கடந்தாக வேண்டும். வடகிழக்கே செங்கம் வழியாகப் போனால் ஆற்காடு, காஞ்சி, சென்னை. தெற்கே தொப்பூர் வழியாகப் போனால் சேலம், நாமக்கல், திருச்சி. மைசூர் மன்னன் பாராமகாலைக் கையில் வைத்திருக்கும்வரை, எந்த வாயிலில் எப்போது இறங்குவது என்பது அவன் விருப்பம். 1780 இதை ஆங்கிலேயருக்கு உணர்த்திய ஆண்டு.

போரின் சுமையைத் தாங்கியவர்கள் குடியானவர்கள். இரு தரப்புப் படைகளும் வட தமிழகத்தின் விளைநிலங்களைப் பாழாக்கின. எரிந்த ஊர்களிலிருந்து மக்கள் சென்னைக்கு ஓடிவந்தனர். அங்கும் பஞ்சம் சூழ்ந்தது. பின்னாளில் கஞ்சித் தொட்டி என மக்கள் அழைத்த மணியக்காரர் சத்திரம் 1782இல் தோன்றியது அந்தப் பஞ்சத்தில்தான். பாஸ்டன் வணிகரின் வரி வழக்கோ வெர்சாய் அமைச்சரின் கணக்கோ அறியாத ஏழைகள் அங்கே கஞ்சிக்கு வரிசையில் நின்றனர்.

4. கடலூரில் முடிந்த அமெரிக்கப் போர்

1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு அமெரிக்க மண்ணில் பெரும்போர்கள் ஓய்ந்தன. சோழமண்டலக் கரையில் அவை மும்முரமடைந்தன. டச்சுக்காரரும் போரில் இழுக்கப்பட்டதால் 1781 நவம்பரில் நாகப்பட்டினமும், 1782 ஜனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயர் வசமாயின. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்திற்கு எதிரே முதல் கடற்போரை நடத்தி, ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றினார். டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் இறந்தார்.

இறுதிக் களம் கடலூர். 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை அங்கே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரன் மோதினார். ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கியது. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே முதற்கட்டச் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. அச்செய்தி வந்து சேர்ந்த பிறகே முற்றுகை நின்றது. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சமர் தமிழக மண்ணில் நடந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவது இதனால்தான்.

அமெரிக்கரும் இத்தொடர்பை அறிந்திருந்தனர். 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்த பென்சில்வேனியக் கப்பலின் பெயர் ஹைதர் அலி. ஒரே எதிரியை இருவேறு கண்டங்களில் எதிர்த்தவர்களிடையே இருந்த தொலைதூரத் தோழமைக்கு அப்பெயர் சான்று.

ஐரோப்பியச் சமாதானம், ஹைதருக்குப் பின் வந்த அவர் மகன் திப்புவைத் தனியாக விட்டது. மங்களூர் முற்றுகையில் அவரோடு நின்ற பிரெஞ்சு வீரர்கள் போரிலிருந்து விலகினர். 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. வென்ற இடங்களை இருதரப்பும் திருப்பித் தந்தன. பாராமகாலும் சேலமும் சேர்வராயன் மலையும் மைசூரிடமே நீடித்தன. கணவாய்களின் கேள்வி தீராமலே நின்றது.

5. இரு மறுப்புகள்

இவ்வாதத்திற்கு இரு வலுவான மறுப்புகள் உண்டு. ஹைதரின் பகைக்கு அமெரிக்கா தேவையில்லை என்பது முதலாவது. 1769ஆம் ஆண்டின் சென்னை உடன்படிக்கையில் துணைநிற்பதாகக் கம்பெனி வாக்களித்தது. பின் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கைவிட்டது. அந்த வஞ்சம் ஹைதரின் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. 1779இல் குண்டூரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது நிஜாமையும் பகையாக்கியது. மேற்கே மராட்டியருடன் 1775 முதல் போர் நடந்துகொண்டிருந்தது. இவை யாவும் உண்மை. இவற்றில் எதுவும் அமெரிக்காவில் பிறந்ததல்ல.

ஆனால் மனக்குறை வேறு, போர் தொடுக்கும் வேளை வேறு. பத்தாண்டுகள் வஞ்சத்தை அடக்கி வைத்திருந்த ஹைதர் 1780இல் ஏன் இறங்கினார்? மாஹியின் வீழ்ச்சி உடனடிக் காரணத்தைத் தந்தது. பிரான்சு பிரிட்டனுடன் வெளிப்படையாகப் போரிட்டது கடல்வழி உதவிக்கு நம்பிக்கை தந்தது. பிரிட்டனின் படையும் கப்பல்களும் அட்லாண்டிக் கரையில் சிக்கியிருந்தது வாய்ப்பைத் தந்தது. இம்மூன்றும் 1778இன் பிரெஞ்சு-அமெரிக்கக் கூட்டணியின் விளைவுகள். போரின் காலம், அளவு, முடிவு ஆகிய மூன்றையும் தீர்மானித்தது அமெரிக்கப் போர் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வரையறுத்த கூற்று. எல்லாப் பகையையும் அது உண்டாக்கியது என்று இக்கட்டுரை வாதிடவில்லை.

சேலம் கைமாறியது மூன்றாம் மைசூர்ப் போரில். அது 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூர் அரணைத் தாக்கியதால் மூண்டது என்பது இரண்டாவது மறுப்பு. உடனடிக் காரணம் அதுவே. எனினும் போர் மூண்டது ஏன் என்பதும், வென்றவர் எதைக் கேட்டார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். திருவிதாங்கூரைக் காக்கத் தொடங்கிய போர் பாராமகாலைப் பறித்ததில் முடிந்ததேன் என்பதற்குத் திருவிதாங்கூரில் விடையில்லை. அதற்கு 1780இன் நினைவையும், அந்நினைவைச் சுமந்து வந்த மனிதர்களையும் பார்க்க வேண்டும்.

6. தோற்ற தளபதியும் நொடித்த வணிகரின் மகனும்

அமெரிக்காவை இழந்த பிரிட்டன், இந்தியாவை இறுகப் பிடிக்கத் தலைப்பட்டது. 1784ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம் கம்பெனியை அமைச்சரவையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நாடு பிடிக்கும் திட்டங்கள் தேசத்தின் மானத்திற்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்றும் அச்சட்டம் சொல்லிற்று. 1786இல் தலைமை ஆளுநராக வந்தவர் யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ். ஆலோசனைக் குழுவை மீறி முடிவெடுக்கும் அதிகாரமும், தலைமைத் தளபதிப் பதவியும் சேர்த்தே அவருக்குத் தரப்பட்டன.

அவரது போர்முறையில் அமெரிக்காவின் படிப்பினை தெரிகிறது. யார்க்டவுனில் அவர் தனித்து நின்று, கடல்வழித் துணை அறுபட்டு வீழ்ந்தார். இந்தியாவில் அவர் நிஜாமையும் மராட்டியரையும் 1790இல் முதலிலேயே கூட்டாளிகளாக்கினார். திப்புவுக்கோ இம்முறை பிரெஞ்சுத் துணை இல்லை. புரட்சியில் மூழ்கியிருந்த பிரான்சால் கப்பல் அனுப்ப முடியவில்லை.

மற்றொருவர் தாமஸ் மன்றோ. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய தந்தை வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்கக் கிளர்ச்சி அவ்வணிகத்தை நொடிக்கச் செய்தது. வழியற்ற குடும்பத்தின் மகன் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். அவ்வாண்டே பொள்ளிலூர்ப் பேரழிவின்போது காஞ்சியிலிருந்த படையில் இளநிலை வீரராக இருந்தார். 1783இல் கடலூர் முற்றுகையிலும் இருந்தார். அமெரிக்கப் போர் ஒருவரை யார்க்டவுனிலிருந்து கல்கத்தாவுக்கும், இன்னொருவரைக் கிளாஸ்கோவிலிருந்து பாராமகாலுக்கும் அனுப்பியது. இருவரின் பாதைகளும் 1792இல் சேலத்து மண்ணில் ஒன்றுசேர்ந்தன.

7. கணவாய்களின் கணக்கு: 1790–1792

1790 நவம்பரில், 1780இன் பாடம் மறுபடியும் படிக்கப்பட்டது. ஜெனரல் மெடோஸின் படையும் கர்னல் மேக்ஸ்வெல்லின் படையும் காவேரிப்பட்டணம் அருகே ஒன்றுசேர்ந்து திப்புவை மடக்க முயன்றன. திப்பு தொப்பூர் கணவாய் வழியே, சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டித் தெற்கே இறங்கித் தப்பினார். சில வாரங்களில் திருச்சிக்கு எதிரே தோன்றினார். பின் வடக்கே திரும்பித் திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிப் பக்கம்வரை சென்றார். துரத்திய படையால் அவரை எட்ட முடியவில்லை.

இதன்பின் கார்ன்வாலிஸ் தாமே தலைமையேற்றார். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம்வரை சென்றும், வண்டிமாடுகள் மடிந்து உணவு தீர்ந்ததால் தம் முற்றுகைப் பீரங்கிகளை உடைத்துப்போட்டுத் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பாராமகால் மலைக்கோட்டைகளைப் பிடிக்கும் பணி நடந்தது. ராயக்கோட்டை வீழ்ந்தது, பெண்ணாகரம் வீழ்ந்தது. கிருஷ்ணகிரி மட்டும் நவம்பரில் தாக்குதலைத் தாங்கி நின்றது. சென்னையிலிருந்து உணவும் வெடிமருந்தும் வரும் பாதையின் பாதுகாப்பு பாராமகாலைச் சார்ந்திருந்தது. இந்த நிலப்பகுதி இல்லாமல் சென்னைக்கு நிம்மதியில்லை என்பதை ஒரே தலைமுறையில் இரண்டு போர்கள் நிரூபித்துவிட்டன.

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைக்குள்ளானது. அம்மாத இறுதியில் திப்பு தன் நாட்டில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர இசைந்து, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கம்பெனி தன் பங்காக எடுத்துக்கொண்டவை மலபார், குடகு, திண்டுக்கல், சேலத்தோடு கூடிய பாராமகால். வரைபடத்தில் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நோக்கம் விளங்கும். மைசூரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழிகளைக் காக்கும் நிலங்கள் இவை. சேர்வராயன் மலையை யாரும் அதன் குளிருக்காகக் கேட்கவில்லை. அதன் இருபுறமும் இருந்த கணவாய்களுக்காகக் கேட்டார்கள்.

8. விளைவுகள்: அளவை, வரி, காப்பி

புதிய மாவட்டத்தை ஆளக் கார்ன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. அவர்களில் நாட்டு மொழியறிந்தோர் குறைவு. போரில் உளவுத்துறையை நடத்திய அலெக்சாண்டர் ரீடைப் பொறுப்பாளராக்கி, மன்றோ, கிரஹாம், மெக்லியோட் ஆகிய படை அதிகாரிகளை உதவியாளராக்கினார். ரீட் திருப்பத்தூரில் தங்கினார். 1799 வரை நடந்த இவ்வாட்சியில் நிலம் அளக்கப்பட்டது. குடியானவரோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கே உருப்பெற்றது. பாராமகால் ஆவணங்கள் என்ற தொகுதிகளாகப் பின்னாளில் அச்சான அக்காலக் குறிப்புகள், நிலம், மக்கள், வரிகள், விளைபொருள்கள் குறித்த அரிய கருவூலம். 1793இல் கார்ன்வாலிஸ் வங்கத்தில் ஜமீன்தார்களோடு நிலையான வரித்திட்டம் செய்தார். அதே ஆண்டுகளில் அவர் நியமித்தவர்களே சேலத்தில் அதற்கு நேர்மாறான முறையை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்க முறையைத் தழுவிச் சேலத்தில் மிட்டாக்கள் எனப்பட்ட ஜமீன் போன்ற நிலப்பிரிவுகள் ஏலம் விடப்பட்டன. பல மிட்டாதாரர்கள் நொடித்தனர். 1820இல் சென்னை ஆளுநரான மன்றோ ரயத்துவாரியை மாகாணத்தின் பொது முறையாக்கினார்.

அதே 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். கிரேஞ்ச் தோட்டத்தின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது. இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். 1842இல் சர் தாமஸ் மன்றோ இம்மலையிலுள்ள ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்ற செய்தி சுற்றுலாக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தவர். 1842இல் அவர் எதையும் கண்டுபிடித்திருக்க இயலாது. தலைமுறை தலைமுறையாக மக்கள் உழுது வாழ்ந்த மலையை ஒருவர் கண்டுபிடித்தார் என்பதே முதலில் பிழை. மன்றோவுக்கும் இம்மலைக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு: மலையடிவார மாவட்டத்தை நிர்வகித்த ஆட்சியின் சிற்பிகளில் அவர் ஒருவர்.

9. உடன்படிக்கையில் இல்லாத மக்கள்

1783 செப்டம்பரில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் பிரிட்டன் மிசிசிப்பி ஆறுவரையுள்ள நிலத்தை அமெரிக்கருக்கு விட்டுக்கொடுத்தது. அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடிகளின் பெயர் அதில் இல்லை. அவர்களில் பலர் பிரிட்டனின் பக்கம் நின்று போரிட்டவர்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அதுவே நிகழ்ந்தது. காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரரின் வழியினர் எனத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளி மக்கள், நாடு நாடாகப் பிரிந்து, தங்கள் ஊர்த்தலைவர்களின் கீழ் சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தனர். அவர்களின் மலை ஒரு மன்னரிடமிருந்து ஒரு கம்பெனிக்குப் போனது. அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

இரு நிலைமைகளும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பழங்குடிகள் போராலும் குடியேற்றத்தாலும் மேற்கே துரத்தப்பட்டனர். சேர்வராயன் மலையில் மக்கள் தங்கள் ஊர்களிலேயே இருந்தனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சரிவுகளை ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் சூழ்ந்துகொண்டபோது, தங்கள் விருப்பப்படி காடு திருத்தி உழும் உரிமை அவர்களுக்குச் சுருங்கியது. பலர் தங்கள் மலையிலேயே கூலியாட்களாயினர். ஓர் உடன்படிக்கையில் இடம்பெறாத மக்கள், அதன்பின் வரும் அளவையிலும் பட்டாவிலும் பின்தங்குகிறார்கள் என்பதற்கு இரு கண்டங்களும் சான்று. இன்று மலையாளிகள் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினருள் இடம்பெறுகின்றனர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 1792இல் கிடைக்காத குரலின் ஒரு பகுதி இவ்வாறு மக்களாட்சியில் கிடைத்திருக்கிறது.

10. முடிவுரை

அமெரிக்க விடுதலைப் போரை நம் பாடநூல்கள் தொலைதூர நாட்டின் கதையாகவும், மைசூர்ப் போர்களை இந்திய வரலாற்றின் தனிப் பகுதியாகவும், ஏற்காட்டைச் சுற்றுலாத் தலமாகவும் தனித்தனியே சொல்லிப் பழகிவிட்டன. மூன்றும் ஒரே வரலாறு. 1778இன் கூட்டணி மாஹியைப் போர்க்களமாக்கியது. மாஹி செங்கம் கணவாயைத் திறந்தது. செங்கமும் தொப்பூரும் தந்த அச்சம் 1792இல் பாராமகாலைக் கேட்க வைத்தது. அமெரிக்காவில் தோற்றவரும் அமெரிக்காவால் நொடித்த வீட்டுப் பிள்ளையும் அந்நிலத்தில் புதிய ஆட்சியை அமைத்தனர்.

இவ்வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் மலைமக்களுடையது. பாராமகால் ஆவணத் தொகுதிகள் ஆங்கிலத்தில் அச்சாகி நூறாண்டுக்கு மேலாகிறது. அவற்றைத் தமிழாக்கி, சேர்வராயன் மலை ஊர்களில் வழங்கும் வாய்மொழி மரபுகளோடு ஒப்பிட்டு ஆராயும் பணியைச் சேலம், தருமபுரி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ள வேண்டும். மலையாளிச் சமூகத்திலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணவர்கள் அப்பணியில் முன்னிற்க வேண்டும்.